கனமான கார்டும் ஓர் ஓய்வு வாழ்த்தும்

அத்தியாயம் 11

இரண்டு கார்டுகளில் எது என்று முடிவாகாமலேயே சனிக்கிழமை விடிந்துவிட்டது.

சியூ ஹோங்கை நாம் போன வாரம் விட்டுவந்தது அவளுடைய சமையலறையில். வங்கி அனுப்பிய இரண்டு விளம்பரத் தாள்களைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்து நின்ற கணவர் கிம் செங், "உனக்குப் பிடிச்சத எடு ஹோங். காசப் பாக்காத" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

அவர்களுடைய குடித்தனத்தில் 'காசைப் பார்க்காதே' என்ற வார்த்தை அந்த மனிதரின் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆசையில் இருப்பவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் எதுவும் உறைப்பதில்லை.

ஆசை என்றால் பெரிய ஆசையெல்லாம் இல்லை. கணவனும் மனைவியுமாகக் கட்டி எழுப்பிய 'ஹாய் செங்' கம்பெனி, சிங்கப்பூர்க் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, முட்டை, கோழியிலிருந்து சோப்பு, கயிறு வரை கொண்டுபோய் ஏற்றும். பெயர்ப்பலகையில் இருப்பது அவர் பெயர். தொலைபேசியில் கேட்பது இவள் குரல். கப்பல் சமையல்காரன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் 'மேடம் ஹோங்' என்று இவளைத்தான் கூப்பிடுவான்.

போன வருஷம் வியாபாரம் நன்றாக நடந்தது. அதைக் கவனித்த வங்கி, தன் செல்ல வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கொடுக்கும் உலோகக் கடன் அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி இயக்குநர்களுக்கு அழைப்பு அனுப்பியது. அதில் இரண்டு வகை. சாம்பல் நிறக் கார்டு என்றால் உலகத்து விமான நிலையங்களில் எல்லாம் சொகுசு ஓய்வறைக்குள் போகலாம், கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். செம்பு நிறக் கார்டு என்றால் ஓட்டல்களில் இலவச இரவுகள்.

சியூ ஹோங்கின் பணப்பையில் இதுவரை இருந்ததெல்லாம் கிம் செங்கின் கணக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த துணை அட்டைகள். அவர் பெயர் முதலில், இவள் பெயர் பின்னால். இந்தத் தடவை தன் பெயரிலேயே முதன்மை அட்டை வாங்குவது என்று இருந்தாள். நானும் இயக்குநர்தானே என்று அவள் சொன்னபோது கிம் செங் மறுக்கவில்லை. மூன்று வாரமாக அவளோடு உட்கார்ந்து இரண்டு கார்டுகளையும் அலசிய மகள் ஹுய் ஷானும் மறுக்கவில்லை.

காலையில் வீட்டுக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அரைவேக்காட்டு முட்டையில் சோயா சாஸை ஊற்றிக் கலக்கிக்கொண்டே ஹுய் ஷான் கேட்டாள்.

"மா, பேங்குக்கு நேர்லயே போகணுமா? நானே ஃபோன்ல அப்ளை பண்ணிடறேனே."

"மீனத் தொட்டுப் பாக்காம நான் என்னிக்காவது வாங்கியிருக்கேனா?"

"இது மீன் இல்ல மா."

"ரெண்டுக்கும் காசு நாமதான குடுக்கறோம்? கையில வாங்கி, எடை பாத்துட்டுத்தான் சொல்லுவேன். மதியம் துவாச்சி பிறந்தநாள் சாப்பாடு வேற. அதுக்குள்ள கார்டு கைக்கு வந்தா நல்லா இருக்கும். பில்லு வர்றப்ப மேசைல வெச்சா டங்குன்னு சத்தம் கேக்கணும். அது அவ காதுல விழணும்."

துவாச்சி என்பது கிம் செங்கின் மூத்த அக்கா பீ சூ. சாப்பிட்டு முடித்ததும் பில்லை யார் கட்டுவது என்று இந்த இரண்டு பெண்களுக்கும் நடக்கும் மல்லுக்கட்டு அந்தக் குடும்பத்தில் பிரசித்தம். போன தடவை துவாச்சி கழிவறைக்குப் போவதுபோல் எழுந்துபோய், கல்லாவில் முன்கூட்டியே பணத்தைக் கட்டி ஜெயித்துவிட்டாள். அந்தக் கணக்கை நேர்செய்ய வேண்டியிருந்தது.

வழக்கமாக இந்தப் பேச்சுக்கு ஹுய் ஷான் விழுந்து விழுந்து சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.

"நீயும் வாயேன். இத்தன நாளு கூட உக்காந்து பாத்துட்டு, கடைசில என்ன மட்டும் அனுப்பற."

"எனக்கு வேலை இருக்கு மா. அப்பா கிடங்குல தனியா இருக்காரு."

"சரி. சாம்பலா, செம்பா? ஒரு வார்த்த சொல்லு."

"சாம்பல்."

"ஏன்?"

"உனக்கு அந்த ஓய்வறைக்குள்ள போகணும்னு ஆச. எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். ஊருக்குத் திரும்பும் மாலுமிகளை வேனில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சாங்கி விமான நிலையத்தில் விட்டுவிட்டு, விமானம் கிளம்பும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்ற நாட்களை அவள் மகளிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். கேப்டன்கள் உள்ளே ஓய்வறைக்குப் போய் சூப் குடிப்பார்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, சூப் நன்றாக இருந்தது மேடம் என்பார்கள். ஒரு நாளாவது உள்ளே போய் அந்த சூப்பைக் குடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய பல வருஷத்து ஆசை. அதை மகள் மறக்காமல் இருந்தது அவளுக்கு இதமாக இருந்தது.

வங்கியின் அந்த மாடியில் வரிசை கிடையாது. சோபா, சாமந்திப்பூத் தேநீர், மெல்லிய பாட்டு. அவளைக் கவனிக்க வந்த ஜெசலின், ஹுய் ஷான் வயதுப் பெண். கறுப்பு வெல்வெட் தட்டில் இரண்டு கார்டுகளைக் கொண்டுவந்து, நகை காட்டுவதைப் போல முன்னால் வைத்தாள்.

சியூ ஹோங் சாம்பல் கார்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சில்லென்று கனமாக இருந்தது. விரல் நகத்தால் தட்டிப் பார்த்தாள். பிறகு மேசைமேல் லேசாகப் போட்டுப் பார்த்தாள். சத்தம் திருப்தியாக இருந்தது.

"இது வேண்டாம்னு ஆயிட்டா எப்படிம்மா வெட்டறது?"

"கத்தரிக்கோல் உடஞ்சிரும் ஆண்ட்டி. எங்ககிட்டயே திருப்பிக் குடுத்துரணும்."

இருவரும் சிரித்தார்கள். செம்புக் கார்டையும் ஒரு மரியாதைக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தாள்.

"சாம்பலே இருக்கட்டும். பேர முழுசாப் போடுவீங்கல்ல? டான் சியூ ஹோங். திருமதி கோன்னு வீட்டுக்காரர் குடும்பப் பேர எதையாவது போட்டுறாதீங்க."

"உங்க பேருதான் ஆண்ட்டி வரும். துணை அட்டைன்னாலும் பேரு உங்களுதுதான்."

"துணை அட்டை இல்லம்மா. முதன்மை அட்டை."

ஜெசலின் ஏதோ நினைவு வந்தவளாக நெற்றியில் தட்டிக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய், சிவப்பு நாடா கட்டிய பெரிய கூடை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அபலோன் சிப்பி டப்பாக்கள், பறவைக்கூட்டுச் சாறு புட்டிகள், ஆரஞ்சுகள்.

"மொதல்ல இதக் குடுத்திருக்கணும், மறந்தே போயிட்டேன். ஓய்வு பெற்றதுக்கு எங்க எல்லார் சார்பாவும் வாழ்த்துகள் ஆண்ட்டி."

"யாரு ஓய்வு பெற்றது?"

அவள் வேடிக்கை பேசுவதாக ஜெசலின் நினைத்துக்கொண்டாள். "அங்கிள் சொன்னப்ப நானும் இப்படித்தான் கேட்டேன். நம்பவே முடியல. 'எம் பொண்டாட்டி உழச்சது போதும், இனிமே ஊரச் சுத்தட்டும்'னு அவ்ளோ பெருமையாச் சொன்னாரு. இயக்குநர் இடத்துல உங்க பேர எடுத்துட்டு ஹுய் ஷான் பேரப் போட்டாச்சு. கம்பெனிக்குக் கையெழுத்துப் போடறதும் இனிமே அவங்கதான். அதனாலதான் ஆண்ட்டி, அங்கிள் கணக்குல உங்களுக்குத் துணை அட்டை. முதன்மை அட்டை இயக்குநர்களுக்கு மட்டும்தான். ஆனா ஓய்வறை, விமான மைல் புள்ளி எல்லாம் ஒண்ணுதான். ஒரு வித்தியாசமும் தெரியாது."

ஒரு வித்தியாசமும் தெரியாதாம்.

சியூ ஹோங் தேநீர்க் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். மனம் மட்டும் ஒரே கேள்வியைச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே, என் பெயரை எப்படி எடுத்தார்கள்?

எப்படி என்பதும் அடுத்த நிமிஷமே விளங்கிவிட்டது. இந்த ஊரில் இப்போது கையெழுத்துக்குப் பேனா வேண்டாம். அரசாங்கத்தின் அடையாளச் செயலியைத் திறந்து முகத்தைக் காட்டினால் போதும், ஒப்புதல் கொடுத்ததாக ஆகிவிடும். நம் அம்மாக்களுக்கு அந்தச் செயலியைக் கண்டாலே தலைவலி. வரியோ, மருத்துவமோ, வீட்டு விவகாரமோ, 'நீயே பாரு' என்று ஃபோனைப் பிள்ளைகளிடம் நீட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். கேட்ட நேரத்தில் முகத்தை மட்டும் கொடுப்பார்கள்.

அவளும் கொடுத்திருந்தாள். போன மாதம் ஒரு சாயங்காலம் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் ஈரம். ஹுய் ஷான் அவளுடைய ஃபோனை எடுத்துவந்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மா, இங்க பாரு. கண்ணச் சிமிட்டு."

"எதுக்குடி?"

"காப்பீடு புதுப்பிக்கணும்."

கண்ணைச் சிமிட்டினாள். சிரிக்கணுமா என்றுகூடக் கேட்டாள். வேண்டாம் மா, சும்மா பாரு போதும் என்றாள் மகள்.

"ஆண்ட்டி, ஒரே ஒரு விஷயம்." ஜெசலின் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீங்க விருப்பப்பட்டுத்தான் விலகினீங்கன்னு உங்க வாயாலயே நான் கேட்டுக்கணும். எங்க வங்கி வழக்கம் அது. ஃபோன்ல கேக்கலாம்னு ரெண்டு மூணு தடவ கூப்பிட்டேன், ஹுய் ஷான்தான் எடுத்தாங்க. அம்மாவுக்கு நேரம் இல்லன்னாங்க. நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க."

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்தப் பெண் விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சியூ ஹோங் வளர்ந்த விதம் அப்படி. வீட்டுக்குள் சட்டி பானை பறக்கலாம், வெளியாள் முன்னால் புருஷன் தலை குனியக் கூடாது. இல்லை என்று சொன்னால் இந்தச் சின்னப் பெண்ணின் கண்ணில் கிம் செங் திருடன், பெற்ற மகள் திருடி. நாளைக்கு இந்த மாடி முழுக்க அதைப் பேசும். தன்னை ஏமாற்றியவர்களின் மானத்தைத் தானே காப்பாற்ற வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே காப்பாற்றினாள்.

"ஆமாம்மா. நான்தான் போதும்னு சொன்னேன்."

ஜெசலின் விசையைத் தட்டினாள். முகம் மலர்ந்தது.

"அப்ப திங்கட்கிழமை எல்லாம் சுமுகமா முடிஞ்சிரும். கம்பெனி கைமாறினப்பறமும் அங்கிள் எங்க வாடிக்கையாளராவே இருக்கேன்னுட்டாரு. எங்களுக்கு அதுதான் சந்தோஷம்."

ஆக, விஷயம் அதுதான். கம்பெனியை விற்கிறார்கள்.

ஒரு பெரிய நிறுவனம் ஹாய் செங்கை விலைக்குக் கேட்டது அவளுக்குத் தெரியும். சீனப் புத்தாண்டுக்கு வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தபோது கிம் செங் அந்தப் பேச்சை எடுத்தார். நான் இருக்கிற வரைக்கும் நடக்காது என்று சொல்லிவிட்டு அன்னாசிப் பணியாரத் தட்டை நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கம்பெனியில் எதை விற்றாலும் இரண்டு இயக்குநர்களும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் அவர், மற்றவர் இவள் என்பதால் அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"எதாவது மாத்தணும்னா திங்கட்கிழமை காலைக்குள்ள என்னக் கூப்பிடுங்க ஆண்ட்டி. கார்டு அதுக்கப்பறம்தான் செய்யப் போகும்." ஜெசலின் தன் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, கூடையை வாடகைக் கார் வரை தூக்கிவந்து வைத்தாள். நல்ல பெண்.

உணவகத்தில் மற்ற மூவரும் முன்பே வந்திருந்தார்கள். துவாச்சி சிவப்புச் சட்டையில் நடுநாயகமாக இருந்தாள். கூடையைப் பார்த்ததும் அவள் வாயெல்லாம் பல்.

"எனக்கா ஹோங்? எதுக்கு இவ்ளோ பெரிசு."

"இல்ல துவாச்சி. இது எனக்கு. உங்களுக்கு வேற வெச்சிருக்கேன்." கைப்பையிலிருந்து பணம் வைத்த சிவப்பு உறையை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள்.

கிம் செங் கூடையில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டார். அதில் பெரிய எழுத்தில் ஓய்வு வாழ்த்து இருந்தது. அவர் மகளைப் பார்த்தார், மகள் தட்டைப் பார்த்தாள். அதன் பிறகு இறால் கொழுக்கட்டை வந்தது, ஆவியில் வெந்த பாவ் வந்தது, பிறந்தநாள் மீ நூடுல்ஸ் வந்தது. கிம் செங் மனைவியின் தட்டில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். சியூ ஹோங் மறுக்காமல் சாப்பிட்டாள். துவாச்சி மட்டும் தன் முழங்கால் வலியைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள்.

பில் வந்தது.

துவாச்சி தயாராக இருந்தாள். ஒரு கை பில்லின்மேல், மறு கை சியூ ஹோங்கைத் தடுக்க நீண்டிருந்தது. தடுக்க அங்கே யாரும் இல்லை. சியூ ஹோங் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஹோங், உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன் துவாச்சி."

"அப்ப ஏன் சும்மா உக்காந்திருக்க? இழு. நீ இழுக்காம நான் மட்டும் கட்டினா என்ன மரியாதை?"

"நான் ஓய்வு பெற்றுட்டேன் துவாச்சி. கம்பெனியிலேர்ந்து எடுத்துட்டாங்க. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

குரலை உயர்த்தவில்லை. அடுத்த மேசைக்குக்கூடக் கேட்டிருக்காது. துவாச்சியின் கை பில்லின்மேல் அப்படியே நின்றது. அவள் தம்பியைப் பார்த்தாள். கிம் செங் தன் கார்டை எடுத்து, யாரையும் பார்க்காமல், பணிப்பெண்ணிடம் நீட்டினார். சாம்பல் நிறக் கார்டு. அவருக்கு அது முன்பே வந்துவிட்டிருக்கிறது. துவாச்சி தடுக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பில்லுக்குச் சண்டை நடக்காத முதல் சாப்பாடு அது.

வீட்டுக்குள் வந்ததும் சியூ ஹோங் கூடையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"பிரிச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் சேந்து வாங்கிக் குடுத்த பரிசு."

கிம் செங் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். "இன்னிக்குச் சொல்லிரலாம்னுதான் இருந்தோம் ஹோங்."

"நான் கார்டு எடுத்ததுக்கப்பறமா?"

அவள் வாழ்த்து அட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அழற குழந்தைக்குப் பொம்ம காட்ற மாதிரி மூணு வாரமா எனக்குக் கார்டு காட்டியிருக்கீங்க. நானும் சாம்பலா செம்பான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கேன்."

"உன்ன ஏமாத்தணும்னு இல்ல." அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "என்னால முடியல. விடியறதுக்கு முன்னாடி காய்கறிச் சந்தையில போய் நிக்கறப்ப கால் நடுங்குது. படகுலேர்ந்து கப்பல் ஏணியில கால் வெக்க பயமா இருக்கு. போன மாசம் லாரியிலயே உக்காந்து அழுதேன். யார்கிட்டயும் சொல்லல."

"யார்கிட்டயும்?"

அவர் கண் தன்னையறியாமல் ஹுய் ஷான் பக்கம் போய்த் திரும்பியது. மகளிடம் சொல்லியிருக்கிறார். ஒரே படுக்கையில் படுத்து எழும் மனைவியிடம் சொல்லவில்லை. கம்பெனி போனதைவிட அதுதான் அவளுக்கு நெஞ்சில் ஆழமாக இறங்கியது.

"எங்கிட்ட ஏன் சொல்லல கிம் செங்?"

"சொன்னா நீ என்ன சொல்லுவ? நீ வீட்ல இரு, நான் பாத்துக்கறேன்னுவ."

"பாத்துக்க மாட்டேனா?"

"பாத்துப்ப." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நான் இல்லாமயே பாத்துப்ப. அந்தக் கப்பல்காரனுங்களுக்கு நான் வந்தேனா வரலயான்னுகூடத் தெரியாது. நான் வீட்ல உக்காந்திருக்க, நீ அத நடத்தறத என்னால பாக்க முடியாது ஹோங். வித்துட்டா ரெண்டு பேரும் சமமா சும்மா இருப்போம்."

இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் இவ்வளவு நேராகப் பேசி அவள் கேட்டதில்லை. கோபத்தின் நடுவிலும் அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

"அப்பாவத் திட்டாத மா," என்றாள் ஹுய் ஷான். சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "அவரு உங்கிட்டக் கேட்டுட்டுத்தான் செய்யணும்னாரு. நான்தான் வேண்டாம்னேன். யோசனை என்னுது. கார்டு விஷயமும் என்னுதுதான். அழைப்பு வந்தப்ப, அம்மா இதுல மனசப் போடட்டும், அதுக்குள்ள வேலைய முடிச்சுரலாம்னு நான்தான் சொன்னேன்."

"ஏன்டி?"

"எனக்கு அந்தக் கிடங்கு வேண்டாம் மா. முட்டக்கோஸ் எண்ணிக்கிட்டு, சமையல்காரன் திட்டு வாங்கிக்கிட்டு. உனக்கு அது உயிரு. எனக்கு இல்ல. நீ அங்க இருக்கற வரைக்கும் நான் வெளிய வரவே முடியாது. உங்கிட்டச் சொன்னா நீ ஒடஞ்சு போயிருவ. கேட்டாலும் மாட்டேன்னுதான சொல்லப் போற?"

"கேட்டியா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ கேட்டிருந்தா, எனக்கு வேண்டாம் மா, விட்ருன்னு நீ ஒருத்தி கேட்டிருந்தா, எறாலு கையத் தொடச்சுட்டு வந்து அங்கயே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் முதன்முறையாக உடைந்தது. சொன்னது சத்தியம் என்பது மூவருக்கும் தெரிந்தது. ஹுய் ஷான் அழுதுகொண்டே கிட்டே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அப்ப நீ குடுத்த மாதிரியே நெனச்சுக்க மா. எல்லாம் ஒண்ணுதான. முடிஞ்சு போச்சு, விட்ரு."

"எடுத்தத எல்லாம் குடுத்ததா நெனச்சுக்கணுமா?"

சியூ ஹோங் கையை விடுவித்துக்கொண்டாள். மெதுவாகத்தான் விடுவித்தாள்.

"ஹோங்." கிம் செங் எழுந்தார். மிரட்டவில்லை, கெஞ்சுவதுபோல்தான் சொன்னார். "திங்கட்கிழமை கையெழுத்து. இனிமே உன் சம்மதம்னு தனியா எதுவும் தேவைப்படாது. மனசப் போட்டு வருத்திக்காத."

தேவைப்படாது. அந்த வார்த்தையை அவர் வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாம்.

அவள் கைப்பையைத் திறந்து ஃபோனை எடுத்தாள். ஜெசலின் கொடுத்த எண்ணை அழுத்தினாள். சனிக்கிழமை பிற்பகல், எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ஆண்ட்டி? மனசு மாறிட்டீங்களா? செம்புதான் வேணுமா?"

"கார்டு கிடக்கட்டும்மா. காலைல நீ என்ன ஒண்ணு கேட்ட. விருப்பப்பட்டுத்தான் விலகினீங்களான்னு."

"ஆமா, நீங்களும் ஆமான்னீங்க."

கிம் செங் வேண்டாம் என்று தலையை அசைத்தார். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. காலையில் எந்த முகத்துக்காகப் பொய் சொன்னாளோ அதைப் பார்த்துக்கொண்டே அவள் பேசினாள்.

"அது பொய்ம்மா. எனக்கு எதுவுமே தெரியாது. நான் எதுக்கும் சம்மதிக்கல."

ஜெசலினின் குரல் மாறிவிட்டது. ஆண்ட்டி என்று கொஞ்சும் குரல் இல்லை அது.

"இத நான் மேல சொல்லியாகணும் ஆண்ட்டி. சொல்லிட்டா அப்பறம் நிறுத்த முடியாது, போலீஸ் வரைக்கும் போகும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க ஃபோன்ல, உங்க முகத்தக் காட்டி ஒப்புதல் குடுத்தது யாரு? நான் பேர எழுதணும்."

சியூ ஹோங் மகளைப் பார்த்தாள். ஃபோனிலிருந்து வந்த கேள்வி ஹுய் ஷானுக்கும் கேட்டுவிட்டிருந்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.